ஒரு காலின் தோல் மறு காலுக்கு

நம் வயதில் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் காலில்தான் போய் நிற்கும். முலுண்ட் பூங்கா பெஞ்சில் சாயங்காலம் என்னோடு உட்காருகிற உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஒருத்திக்கு முழங்கால், ஒருத்திக்கு நரம்பு இழுப்பு, இன்னொருத்திக்குச் சர்க்கரையில் பாதம் மரத்துப் போய்விட்டது. என் முறை வந்தால் நான் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். போன வாரம் நீங்கள் விடவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்துவிட்டு, “என்னடி இது, குதிகால்ல முடி முளைச்சிருக்கு?” என்று கேட்டீர்கள். சொல்ல வாயைத் திறந்தேன், இருமல் வந்தது. அதற்குள் மழையும் வந்தது, எல்லோரும் எழுந்து ஓடிவிட்டோம். ஓடினோம் என்று சொல்வது நமக்கே கொஞ்சம் அதிகம்தான். வாயால் இவ்வளவையும் சொல்ல எனக்கு மூச்சு இல்லை, அதனால் எழுதி வைக்கிறேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படியுங்கள்.

குதிகாலில் யாருக்கும் முடி முளைக்காது. எனக்கு முளைக்கிறது, ஏனென்றால் அது குதிகாலின் தோல் இல்லை. என் வலது கெண்டைக்காலின் தோல். எனக்கு எட்டோ ஒன்பதோ வயதாக இருந்தபோது அதை அங்கே வெட்டி இங்கே தைத்தார்கள். உலக யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் மட்டும் முடியவில்லை, அந்தச் சமயம்.

அப்போது நாங்கள் தாராவியில் இருந்தோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த சந்து. என் அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குத் தோல் பதனிடும் கிட்டங்கியில் வேலை. அந்த நாற்றத்தைப் பற்றி, ரயிலில் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆயிரம் சொல்வார்கள். எனக்கு அது நாற்றமாகத் தெரிந்ததே இல்லை. அது வந்தால் அய்யா வந்துவிட்டார் என்று அர்த்தம், அவ்வளவுதான். சுண்ணாம்பும் உப்பும் ஊறவைத்த மரப்பட்டையும் கலந்த வாடை. குளித்தாலும் போகாது, விரல் நகத்தில் இருக்கும்.

கிட்டங்கியில் அய்யாவின் கைக்கு ஒரு மரியாதை உண்டு. அறுத்த மாட்டின் தோல் வண்டியில் வந்து இறங்கியதும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தோலின் ஓரத்தில் உள்ள முடியை இரண்டு விரலால் பிடித்து ஒரு இழு இழுப்பார். முடி நின்றால் நல்ல தோல். கையோடு வந்தால் கெட ஆரம்பித்த தோல். ஓரம் கறுத்திருந்தால் பேச்சே இல்லை, உடனே உப்பு. ஒரு தோல் அழுகினால் அதோடு நிற்காது, அடுக்கில் அதை ஒட்டிக் கிடக்கிற நல்ல தோலையும் கெடுத்துவிடும். அதனால் பொறுத்துப் பார்ப்போம் என்கிற வழக்கமே அந்தத் தொழிலில் கிடையாது. இதை நான் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

அய்யாவுக்குக் கஞ்சித் தூக்கு கொண்டுபோவது என் வேலை. முதலாளி பார்த்தால் திட்டுவார், பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது. ஆனால் அவர் மத்தியானம் இருக்க மாட்டார். அன்றைக்குச் சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அது புகைந்து கொதிக்கிற சத்தம் எனக்குப் பிடிக்கும். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பலகை ஈரமாக இருந்தது. இடது கால் வழுக்கித் தொட்டிக்குள் போய்விட்டது.

வெளியே தூக்கியதும் காலில் வெள்ளையாகக் களி அப்பியிருந்தது. ஒருவர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். அய்யா அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“ஏ, தண்ணி ஊத்தாத! சுண்ணாம்புல தண்ணி பட்டா இன்னும் கொதிக்கும்லா! எண்ணெயக் கொண்டா!”

தினமும் கண்ணால் பார்க்கிற விஷயம் அது. கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும். ஆனால் என் காலில் அப்பியிருந்தது ஏற்கெனவே தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு. வாளி வாளியாக ஊற்றிக் கழுவியிருந்தால் கொஞ்சமாவது பிழைத்திருக்கும். தேங்காயெண்ணெயைத் தடவித் துணியால் இறுகக் கட்டி வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். துணிக்குள் சுண்ணாம்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது குதிகாலின் பின்பக்கம் தோல் மொத்தமும் போய், உள்ளே வெள்ளையாக நரம்பு தெரிந்தது. அம்மா அதைப் பார்த்து மயங்கி விழுந்துவிட்டாள். அய்யா பார்த்துக்கொண்டே நின்றார்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பெண்கள் வார்டில், சுவரோரக் கட்டிலில் போட்டார்கள். வீங்கிய காலில் மாட்டிக்கொண்டிருந்த வெள்ளித் தண்டையை ஒரு ஆயா இடுக்கியால் வெட்டி எடுத்தாள். பத்திரமாக வைக்கிறேன் என்று மராத்தியில் சொன்னாள். பிறகு அதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. மறு காலின் தண்டை ரொம்ப வருஷம் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தனியாகக் கிடந்தது, அதுவும் எந்த வீடு மாறும்போதோ போய்விட்டது.

அடுத்த கட்டிலில் மாட்டுங்கா மாமி இருந்தாள். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், மாமா ஏதோ ஆபீஸில் குமாஸ்தா. ஸ்டவ் வெடித்து மாமியின் வலது கை வெந்துபோயிருந்தது. அவள் வயிற்றுத் தோலை ஒரு பை போலத் திறந்து, கையை அதற்குள் வைத்துத் தைத்திருந்தார்கள். எந்நேரமும் இடுப்பில் எதையோ ஒளித்து வைத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். மெட்ரிக் வரை படித்தவள், இங்கிலீஷ் தெரியும். அந்த வார்டில் தமிழ் தெரிந்த இன்னொரு ஆள் அவள்தான். அய்யா உள்ளே வந்ததும் புடவைத் தலைப்பை இடது கையால் எடுத்து மூக்கை மூடிக்கொள்வாள். ஆனால் டாக்டர் சொல்வதையெல்லாம் எங்களுக்குத் தமிழில் சொன்னதும் அவள்தான்.

டாக்டர் யுத்தத்தில் பட்டாளத்தோடு இருந்துவிட்டு வந்தவர். குண்டு பட்ட சிப்பாய்களின் முகத்தையும் கையையும் ஒட்டவைத்துப் பழகியவர் என்று மாமி சொன்னாள். நாங்கள் அவரைப் பட்டாளத்து டாக்டர் என்றே சொல்வோம். என் கட்டில் விரிப்பின் முனையைப் பிடித்து, கத்தரிக்கோல் இல்லாமல் விரலாலேயே வெட்டுவது போலக் காட்டி ஏதோ சொன்னார்.

“நரம்பு வெளியிலே தெரியறதோன்னோ, அதுமேலே சும்மா தோலை வெச்சா ஒட்டாதாம்,” என்றாள் மாமி. “அதனாலே நல்ல கால்லேர்ந்து கெட்டித் தோலா எடுக்கப் போறார். மூணு பக்கம் வெட்டி நாலாவது பக்கத்தை விட்டுடுவாராம். அது வழியா ரத்தம் போயிண்டே இருக்குமாம். ரெண்டு காலையும் சேர்த்துக் கட்டிப் போட்டுடுவார். இந்தக் கால்லே ஒட்டிண்டப்புறம் அந்த நாலாவது பக்கத்தையும் வெட்டி விட்டுடுவார்.”

அய்யா தலையைச் சொறிந்தார். “வெட்டுன தோலுக்கு ஏதும்மா ரெத்தம்?”

மாமி அதை டாக்டரிடம் சொல்லவில்லை. “அதெல்லாம் அவருக்குத் தெரியும்ப்பா,” என்று முடித்துவிட்டாள்.

“நல்ல காலையும் வெட்டணுமா, எய்யா?” என்று அம்மா அய்யாவைக் கேட்டாள். “ஒரு காலு போனா போவட்டும். ரெண்டும் போயிட்டா இந்தப் பொட்டப்புள்ளய நான் எங்கன கொண்டு வைப்பேன்?”

அந்தப் பயம்தான் அய்யாவின் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது என்று இப்போது நினைக்கிறேன். இரண்டு கால். போனால் இரண்டும் போகும்.

இனிப்பாக ஒரு நாற்றத்தை மூக்கில் வைத்தார்கள். விழித்தபோது எனக்குக் கால் இரண்டும் ஒன்றாக இருந்தது. இடது குதிகால் வலது கெண்டையின் மேல் படுத்திருக்க, இரண்டையும் சேர்த்து மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். தைத்த இடத்தைப் பார்ப்பதற்கு மட்டும் மாவுக்கட்டில் ஒரு சதுரம் வெட்டி விட்டிருந்தார்கள். புரள முடியாது. முதுகு வெந்துபோகும். இடுப்புக்குக் கீழே யாரோ இன்னொருத்தி படுத்திருப்பது போல இருக்கும். ஒரு வேடிக்கை சொல்கிறேன். அந்தச் சதுரத்துக்குள் ஒரு ஈ வந்து உட்கார்ந்தால், உட்கார்ந்தது இடது குதிகாலின் மேல், ஊர்வது தெரிவதோ வலது கெண்டையில். நான் அதை மாமியிடம் சொன்னேன். “நேக்கும் அப்படித்தான்டி, விரல்லே தொட்டா வயித்துலே கூசறது,” என்றாள். அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் முதல் தடவையாகச் சேர்ந்து சிரித்தோம்.

மாமிக்கு இருந்த பெரிய கஷ்டம் சாப்பாடு. வலது கை வயிற்றில் இருக்கிறது, இடது கையால் சாப்பிட மாட்டாள். பிள்ளை காலேஜிலிருந்து வந்து ஊட்டுவான். அவன் வராத நாளில் பட்டினி கிடப்பாள். ஒருநாள் மழையில் ரயில் நின்று அவன் வரவில்லை. மத்தியானம் தாண்டியும் மாமி சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். என்னைப் பார்க்க வந்திருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. எனக்கு வாங்கி வந்த வாழைப்பழத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு மாமி கட்டில் பக்கம் போனாள்.

“பழந்தானம்மா. தோலு இருக்கு. நான் உள்ள தொட மாட்டேன்.”

மாமி அம்மாவையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா பாதிவரை தோலை உரித்து, மீதித் தோலைப் பிடித்துக்கொண்டு நீட்டினாள். மாமி கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். அதற்குப் பிறகு அம்மா கரண்டியால் தயிர்சாதம் ஊட்டுகிற அளவுக்குக்கூட வந்துவிட்டது, அதைப் பிள்ளையிடம் சொல்லக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. அய்யா வந்தால் மட்டும் தலைப்பு மூக்குக்குப் போய்விடும். அம்மாவும் அதே வீட்டிலிருந்துதான் வருகிறாள், அதே வாடைதான். அதை மாமி ஏன் கண்டுகொள்ளவில்லை என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

அய்யா வேலை முடிந்து வருவார், கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். நர்ஸ் அந்தச் சதுரத்தைத் திறந்து மருந்துத் துணி மாற்றினால் எட்டி எட்டிப் பார்ப்பார். ஆபரேஷன் ஆன சில நாளிலேயே தைத்த தோலின் ஒரு ஓரம் நிறம் மாறியது. முதலில் நீலம், பிறகு கறுப்பு. அய்யா அதைப் பார்த்ததும் அவர் முகம் கிட்டங்கியில் இருக்கிற முகமாக மாறியது. அந்த முகத்தை நான் ஆஸ்பத்திரியில் அதுவரை பார்த்ததில்லை.

“யம்மா, ஓரம் கறுத்திருக்கு. டாக்டர்ட்டக் கேளுங்க,” என்றார் மாமியிடம்.

டாக்டர் குனிந்து பார்த்தார், விரலால் அழுத்திப் பார்த்தார், இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

“பொறுத்துப் பார்க்கணுங்கறார்,” என்றாள் மாமி.

பொறுத்துப் பார்க்கணும். மாமிக்கு அது சாதாரண வார்த்தை. டாக்டருக்கும் சாதாரண வார்த்தைதான். அய்யாவுக்கு மட்டும் அது, உன் பெண்ணின் இரண்டு காலும் போகட்டும் என்று சொன்னது மாதிரி. நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் அவர் குனிந்து, சதுரத்துக்குள் விரலை விட்டு, கறுத்த ஓரத்தில் இருந்த பூனைமுடியைப் பிடித்து இழுத்தார். கையோடு வந்தது. என்னிடம் காட்டவில்லை, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஆனால் நான் பார்த்துவிட்டேன். அது என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், நான் அவர் பெண்தானே. அன்றைக்கு முழுக்க எனக்கு அழுகையாக வந்தது.

மறுநாள் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பார்வையாளர் நேரத்தில் அய்யா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். வேலைக்குப் போகவில்லை என்று தெரிந்தது, வாடை குறைவாக இருந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து மடியை அவிழ்த்தார். ஒரு சின்னத் துணிமுடிச்சு. அதற்குள் கல்லுப்பு, கிட்டங்கியில் போடுகிறது மாதிரி இல்லாமல் வெள்ளையாக, கழுவிக் காயவைத்த உப்பு. அதைக்கூடச் சுத்தம் பண்ணிக் கொண்டுவந்திருக்கிறார், பாருங்கள்.

“ஏட்டி மக்கா, கொஞ்சம் எரியும். கத்தக்கூடாது. கத்துனா வெளிய தள்ளிருவாவ. அய்யா உன் காலக் காப்பாத்துதேன்.”

நான் தலையாட்டினேன். அவர் மருந்துத் துணியை விலக்கி, உப்பை எடுத்துக் கறுத்த ஓரம் முழுக்க அழுத்தி வைத்தார். நல்ல தோலில் படாமல், வழக்கப்படி, நிதானமாக வைத்தார். செத்த தோலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அதைத் தாண்டி, பச்சைப் புண்ணில் உப்பு கரைந்து இறங்கியது. எப்படி எரிந்தது என்று எழுத எனக்குத் தெரியாது. தலையணையைக் கடித்துக்கொண்டேன். கத்தவில்லை. அய்யா சொல்லிவிட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். இதைவிட மேலாக நான் யாரையும் பிறகு நம்பவில்லை, நீங்கள் தப்பாக நினைத்துக்கொள்ளக்கூடாது, கட்டிய புருஷனைக்கூட.

கத்தியது மாமி. தூங்குகிறாள் என்று அய்யா நினைத்திருந்தார். அவள் எழுந்து வர முடியாது, கை வயிற்றில் தைத்திருக்கிறது. படுத்தபடியே, “சிஸ்டர்! சிஸ்டர்! இந்த ஆள் குழந்தைக்கு என்னமோ பண்றான்!” என்று தமிழிலும் இங்கிலீஷிலும் கூவினாள். நர்ஸ் ஓடி வந்தாள். டாக்டர் வந்தார். தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினார்கள். அப்போதுதான் நான் அழுதேன், அதுவும் அய்யாவை ஒருத்தர் தோளைப் பிடித்து ஒதுக்கித் தள்ளியதைப் பார்த்து.

டாக்டர் சிவந்த முகத்தோடு அய்யாவைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கத்தினார். அய்யா மாமியைப் பார்த்தார், என்ன சொல்கிறார் என்று கேட்பது போல.

மாமிக்கும் கோபம் ஆறவில்லை. “'கொழந்தை காலை நீயே கெடுத்துட்டே'ங்கறார். 'அது ஒட்டியிருக்கும், நீ உப்பைப் போட்டுக் கொன்னுட்டே. இனிமே வார்டுக்குள்ளே கால் வைக்காதே'ங்கறார்.”

அய்யா கையில் அந்தத் துணி இன்னும் இருந்தது. அதை மடித்தார், மறுபடி மடித்தார். என்னைப் பார்த்தார், என் காலைப் பார்க்கவில்லை. வெளியே போனார்.

அதற்குப் பிறகு நான் வீட்டுக்குப் போகிற வரை அய்யா உள்ளே வரவில்லை. தினமும் வாசல் வரை வந்து நின்றுவிட்டுப் போவார் என்று அம்மா சொன்னாள். “உள்ள வாங்களேன், ஒருக்கா பாத்துட்டுப் போங்கன்னா, மாட்டேங்காவ,” என்றாள். ஒருநாள் வேறொன்றும் சொன்னாள்: “உங்கய்யா உப்ப விட்டுட்டாவ. உப்புப் போட்ட கஞ்சியக் கொண்டு வச்சா தள்ளிவிடுதாவ. உன் காலு சரியாவட்டும்னு அம்மனுக்கு நேந்திருப்பாவன்னு நெனைக்கேன்.”

எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. எனக்காக அய்யா விரதம் இருக்கிறார் என்று மாமியிடம் பெருமையாகச் சொன்னேன். மாமி இடது கையில் தலைப்பைப் பிடித்தபடி கேட்டாள். அது மூக்குக்குப் போகவில்லை.

டாக்டர் நாலாவது பக்கத்தையும் வெட்டி என் இரண்டு காலையும் பிரித்த அன்று, வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒட்டிய தோல் இனித் தன் காலில் தானே பிழைக்க வேண்டும். டாக்டர் விரலால் அழுத்தினார், வெளுத்தது. விரலை எடுத்தார், மெதுவாகச் சிவந்தது. மாமி இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தோல் பிழைத்துவிட்டது. கறுத்த ஓரம் மட்டும், ஒரு விரல் அகலத்துக்கு, காய்ந்து விழுந்தது. அந்த இடம் மட்டும் தழும்பாக இறுகி, குதிகாலைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டது. அதனால்தான் நான் இடது பக்கம் சாய்ந்து நடக்கிறேன். நீங்கள் வயதின் சாய்வு என்று நினைத்திருப்பீர்கள். அது எனக்கு எழுபது வருஷத்துக்கும் மேலான சாய்வு.

வீட்டுக்குக் கிளம்பிய அன்று வாசலில் அய்யா நின்றுகொண்டிருந்தார். அம்மா கையை விட்டுவிட்டு நான் அவரை நோக்கி நடந்தேன், நடந்து காட்ட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு எட்டிலும் அந்தக் கால் சாய்வதையே பார்த்தார். பிறகு என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு டிராம் நிற்கிற இடம்வரை நடந்தார். அத்தனை பெரிய பெண்ணை யாராவது தூக்குவார்களா? இறக்கிவிடுங்கள் என்றேன், இறக்கவில்லை.

என் கால் சரியானதும் அய்யா உப்பு சாப்பிடுவார் என்று அம்மா காத்திருந்தாள். அவர் சாப்பிடவில்லை. நேர்த்திக்கடன் என்றால் ஒரு முடிவு இருக்குமே. எந்தச் சாமிக்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்டால் வேலைக்குக் கிளம்பிவிடுவார். அம்மா குழம்பிலும் கஞ்சியிலும் உப்புப் போடும் முன்னால் அவருக்குத் தனிச் சட்டியில் எடுத்து வைக்கப் பழகினாள். தெருவில் அவரை உப்பு விட்ட மனுஷன் என்று கேலி பேசினார்கள். பகல் முழுக்க உப்புக் குவியலில் நின்று, உப்பை அள்ளி அள்ளித் தோலில் தேய்க்கிற ஆள். வேர்வை கொட்டுகிற வெயில் மாதங்களில் கிட்டங்கியிலேயே மயங்கி விழுந்து தூக்கிவந்த நாட்களும் உண்டு. “உப்புல நிக்குத மனுசன் உப்பில்லாம எப்பிடி நிப்பாவ?” என்று அம்மா சண்டை போடுவாள். அவர் கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். நான் நடந்து எதிரே வந்தால் கண்ணைத் திருப்பிக்கொள்வார். அது எனக்குப் பழகிவிட்டது. என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் நினைத்து வளர்ந்தேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம் அந்தத் தழும்பு வெடித்துப் புண்ணானது. பழைய ஆஸ்பத்திரிக்கே போனேன். அந்த டாக்டருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என் காலைக் கையில் எடுத்தார், தான் தைத்ததைத் தானே தடவிப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்குள் எனக்கு இந்தி நன்றாக வரும், நடுவில் மாமி தேவையில்லை.

“உப்புப் போட்டாரே, அந்த அப்பாவோட பெண்ணா?” என்றார். “இன்னும் நினைவிருக்கு. நன்றாகத் திட்டிவிட்டேன் அவரை.”

“அவர் உப்பு போடாமல் இருந்திருந்தால் தோல் முழுசாக ஒட்டியிருக்கும் இல்லையா?” என்று கேட்டேன்.

“யார் சொன்னது? அந்த ஓரம் அதற்கு முன்னாலேயே செத்துவிட்டது. ரத்தம் அங்கே எட்டவில்லை. அது என் கணக்குப் பிசகு, நான் கொஞ்சம் நீளமாக வெட்டிவிட்டேன். எவ்வளவு போகும் என்று தெரிவதற்குத்தான் பொறுக்கச் சொன்னேன். உப்பு உனக்கு எரிச்சலைக் கொடுத்ததே தவிர வேறொன்றும் செய்யவில்லை. கிருமி வந்துவிடுமோ என்கிற பயத்தில் கத்தினேன், உள்ளே வரக்கூடாது என்றேன். வேறு ஒன்றும் சொன்னதாக நினைவில்லை.”

டாக்டர் மறந்துவிட்டாரோ, மாமி கோபத்தில் சேர்த்துச் சொன்னாளோ, எனக்குத் தெரியாது. மாமியை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். என் குழந்தைக்கு ஒருத்தன் புண்ணில் உப்பைத் தேய்ப்பதைப் பார்த்தால் நானும் நாலு வார்த்தை சேர்த்துத்தான் சொல்லியிருப்பேன்.

ரயிலில் உட்கார முடியவில்லை எனக்கு. கதவோரம் நின்றே வந்தேன். சந்தில் நுழைந்ததும் ஓடினேன், சாய்ந்து சாய்ந்து. அய்யா வேலையிலிருந்து வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். டாக்டர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். சொல்லும்போதே அம்மா கையில் அகப்பையோடு எழுந்து வந்துவிட்டாள். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது, அது எந்த அம்மனுக்கும் நேர்ந்தது இல்லை என்று.

அய்யா கேட்டு முடித்தார். தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“டாக்டரே சொன்னாரா?”

“ஆமாய்யா. அவர் வாயாலேயே சொன்னாரு.”

“உப்பால இல்லன்னு?”

“உப்பால இல்லய்யா.”

“அத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். வீட்டுக்கு வைத்திருந்த கஞ்சிப் பானையிலிருந்து, உப்புப் போட்ட கஞ்சியைக் கிண்ணம் நிறைய ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். “குடிங்க. இன்னைக்காவது மனுசரு மாதிரி குடிங்க,” என்றாள். நானும் எதிரே உட்கார்ந்துகொண்டேன். அய்யா கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து ஒரு வாய் குடித்தார். விழுங்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. எழுந்து பாத்திரம் கழுவுகிற அங்கணத்துக்குப் போய்த் துப்பி வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

“உப்புக் கரிக்கிட்டி,” என்றார் என்னைப் பார்த்து. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். “இனி எனக்கு ஆவாது. அதயே ஊத்தச் சொல்லு.”

பழக்க தோஷத்தில் அன்றைக்கும் அம்மா அவருக்குத் தனிச் சட்டியில் எடுத்துத்தான் வைத்திருந்தாள். அதை இறக்கி ஊற்றினாள். அவர் மிச்சம் வைக்காமல் குடித்தார்.